விளக்கும் கலமும் வெளியேறியபோது: ஃபோனோஃபிலிம் நிகழ்வு ஆய்வு

பதிவின் எல்லை

1923 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் 18 குறும்படங்கள் திரையிடப்பட்டன. பாடியவர்களின் குரலும் வாத்தியங்களின் ஒலியும் அந்தப் படச்சுருளிலிருந்தே எழுந்தன. பக்கத்தில் கிராமபோன் தட்டு எதுவும் சுழலவில்லை. திரையில் உதடு அசைந்த கணத்தில் குரல் கேட்டது. படங்களை உருவாக்கியவர் லீ டி ஃபாரஸ்ட். வானொலியைச் சாத்தியமாக்கிய மூன்று முனைக் குழலைக் கண்டுபிடித்தவரும் அவரே. தம் படங்களுக்கு அவர் இட்ட பெயர் ஃபோனோஃபிலிம்.

மூன்றரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1926 செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கத் திரையுலகம் முழுவதும் பேசும் படத்துக்கு மாறியது. படச்சுருளின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் முறைதான் இறுதியில் நிலைத்தது. வழி அவருடையதாகவே இருந்தும் அந்த வழியில் அவர் இல்லை.

பணம் போதவில்லை, பெரிய ஸ்டூடியோக்கள் ஆதரிக்கவில்லை, ஒலி தெளிவாக இல்லை என்று பொதுவாக மூன்று காரணங்களைச் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் நிகழ்வுகளை நாள் வரிசைப்படி அடுக்கிப் பார்க்கும்போது, அந்த மூன்றுக்கும் அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைப் பதிவு செய்வதற்கே இந்த ஆய்வு. பொது வரலாற்றில் இடம் பெற்றவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். முதலீட்டாளர்கள், திரையரங்கு உரிமையாளர்கள், இடையில் விலகிய நுட்பர்கள் ஆகியோர் இங்கே பெயரின்றியே வருகிறார்கள்.

பின்னணி: ஆடியான்

டி ஃபாரஸ்ட் 1873-இல் அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளப்ஸ் ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கான தலடேகா கல்லூரியின் தலைவராக இருந்தவர். மகன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். மின்காந்த அலைகளை ஆராய்ந்து 1899-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய புகழ் முழுவதும் ஒரு வளைந்த கம்பியில் நின்றது. கண்ணாடிக் குழலுக்குள் சூடேறிய இழையிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள் எதிரே இருக்கும் தகட்டை நோக்கிப் பாயும். அந்தப் பாதையின் நடுவில் மடித்து மடித்து வளைத்த கம்பி ஒன்றை நிறுத்தினார் டி ஃபாரஸ்ட். கம்பியில் மின்னழுத்தம் துளி மாறினால் தகட்டை அடையும் மின்னோட்டம் பெரிதாக மாறியது. அந்தக் கம்பியைக் கிரிட் என்றும் குழலை ஆடியான் என்றும் அழைத்தார். 1907 ஜனவரியில் விண்ணப்பித்த காப்புரிமை 1908 பிப்ரவரியில் கிடைத்தது. நம் தாத்தா காலத்து வால்வு ரேடியோவுக்குள் செந்நிறமாக ஒளிர்ந்த வால்வு இதன் நேரடி வாரிசு.

இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியமான செய்தி அடுத்தது. தம் குழல் எப்படி வேலை செய்கிறது என்பதை டி ஃபாரஸ்ட் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். குழலுக்குள் எஞ்சியிருக்கும் வாயுதான் அதை இயக்குகிறது என்று நம்பினார். 1912-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஒரு தந்தி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, குழல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் ஒலிமின்குறி பன்மடங்கு பெருகுவதைக் கண்டார். அந்த ஆண்டே தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி.யின் பொறியாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். மின்னழுத்தத்தைக் கூட்டியதும் குழலுக்குள் நீல ஒளி பரவியது, ஒலி சிதைந்தது. அங்கிருந்த ஹெரால்ட் ஆர்னால்ட் என்ற பொறியாளர், உள்ளே இருக்கும் வாயுதான் சிக்கல் என்று உணர்ந்தார். காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த குழலை அவருடைய குழுவே உருவாக்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இர்விங் லாங்மியூரும் தனியே அதே முடிவை எட்டினார்.

தொலைபேசிக்கு ஆடியானைப் பயன்படுத்தும் உரிமையை ஏ.டி.&டி. 1913-இல் 50,000 டாலருக்கு வாங்கியது. 1914-இல் வானொலிக்கான உரிமைக்கு மேலும் 90,000 டாலர் தந்தது. 1915 ஜனவரியில் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் அந்தக் குழல்களால்தான் பேசியது. கண்டுபிடித்தவர் ஒருவர், அதைப் புரிந்துகொண்டவர்கள் வேறு சிலர் என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். அவருடைய முந்தைய வானொலி நிறுவனத்தின் பங்குகளை விற்ற முறை குறித்து, அஞ்சல் வழி மோசடி என்ற குற்றச்சாட்டில் 1913-இல் விசாரணை நடந்தது. டி ஃபாரஸ்ட் விடுவிக்கப்பட்டார். உடன் இருந்த நிர்வாகிகள் இருவர் தண்டனை பெற்றார்கள். பிறகு புதிய முயற்சி ஒன்றோடு முதலீட்டாளர்களைத் தேடிச் சென்றபோதெல்லாம் இந்தப் பழைய வழக்கு அவருக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1919 முதல் 1922 வரை: ஒளியில் எழுதிய ஒலி

ஒலியை ஒளியாக்கிப் படச்சுருளில் பதியும் எண்ணம் டி ஃபாரஸ்டின் காலத்துக்கு முன்னரே வேறு சிலரிடம் இருந்தது. 1906-இலேயே யூஜின் லாஸ்ட் என்ற பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் அதற்குக் காப்புரிமை கோரியிருந்தார். அவருக்குக் கிடைக்காத பொருள் ஒன்றுதான்: பெருக்கி. படச்சுருளிலிருந்து மீளும் மின்குறி மிகவும் மெலிந்தது; ஓர் அரங்கத்துக்குக் கேட்கும்படி அதை உயர்த்த எந்தக் கருவியும் அன்று இல்லை. ஆடியான் வந்த பிறகு இருந்தது. எனவே 1919-இல் டி ஃபாரஸ்ட் திரைப்பட ஒலியின் பக்கம் திரும்பியது ஆசையால் மட்டும் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அந்தக் கதவின் சாவி உண்மையிலேயே அவர் கையில்தான் இருந்தது.

ஆனால் பூட்டு மூன்று. ஒலிக்கேற்பத் துடிக்கும் விளக்கு ஒன்று வேண்டும், படச்சுருளின் ஓரத்தில் விழுந்த நிழலை மீண்டும் மின்சாரமாக மாற்றும் கலம் வேண்டும், பிறகு பெருக்கி வேண்டும். மூன்றாவது அவரிடம் இருந்தது. முதலாவதற்கு, ஃபோட்டியான் என்று தாமே பெயரிட்ட வாயு விளக்கு ஒன்றைச் செய்திருந்தார். அதன் ஒளி நிலையாக நிற்கவில்லை. இரண்டாவதைத் தேடியபோது தியோடர் கேஸ் என்பவரின் பெயர் அவரை எட்டியது.

கேஸ் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரைச் சேர்ந்தவர், வசதியான குடும்பம். வீட்டுத் தோட்டத்தில் இருந்த செடி வளர்ப்புக் கூடத்தை மாற்றி 1916-இல் ஆய்வகம் அமைத்தார். எர்ல் ஸ்போனபிள் என்ற இளம் வேதியியலாளர் அங்கே சேர்ந்தார். தாலியம், கந்தகம், ஆக்சிஜன் சேர்ந்த பொருளிலிருந்து ஒளிபட்டதும் மின்தடை மாறும் கலம் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். முதல் உலகப்போரின்போது கண்ணுக்குத் தெரியாத ஒளியால் மறைக்குறி அனுப்புவதற்காக அமெரிக்கக் கடற்படை அதில் ஆர்வம் காட்டியது. தாலோஃபைடு கலம் என்பது அதன் பெயர். 1920-இல் அந்தக் கலத்தைக் கேட்டு டி ஃபாரஸ்ட் கேஸுக்கு எழுதினார்.

1921 அக்டோபரில் டி ஃபாரஸ்ட் பெர்லினுக்குப் போய் ஓராண்டு வேலை செய்தார். அவர் 1922 செப்டம்பரில் நாடு திரும்பிய அதே காலத்தில், ட்ரை-எர்கோன் என்ற ஜெர்மானியக் கண்டுபிடிப்பாளர் குழு பெர்லினின் அல்ஹாம்ப்ரா அரங்கில் தங்கள் ஒலிப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிகோசினர் தம் ஒலிப்படத்தை நிகழ்த்திக் காட்டியிருந்தார். ஓட்டத்தில் டி ஃபாரஸ்ட் தனியாக இல்லை.

அந்த இடைவெளியில் ஆபர்னில் நடந்தது வேறு. கேஸும் ஸ்போனபிளும் ஏ.இ.ஓ. என்ற விளக்கைச் செய்து முடித்தார்கள். ஆக்சைடு பூசிய மின்முனையோடு, வாயு நிரப்பிய சிறிய குழல் அது. ஒலிவாங்கியிலிருந்து பெருக்கப்பட்டு வரும் மின்னோட்டத்துக்கு ஏற்ப அதன் ஒளி கூடிக் குறையும். மெல்லிய பிளவு வழியே அந்த ஒளி ஓடும் படச்சுருளில் விழும். கழுவிப் பார்த்தால், ஓரத்தில் ஏணிப் படிகளைப் போல் கருமையும் வெளுமையுமான கோடுகள் நெருங்கியும் விலகியும் நிற்கும். அந்தக் கோடுகளே குரல். ஃபோட்டியானால் முடியாததை இந்த விளக்கு சாதித்தது.

ரிவோலியிலும் அதற்குப் பிறகும் கண்டவை

1923 மார்ச்சில் செய்தியாளர்களுக்கும் ஏப்ரலில் பொதுமக்களுக்கும் காட்டப்பட்ட படங்கள் ஆபர்னின் கலமும் நியூயார்க்கின் பெருக்கியும் சேர்ந்து பிறந்தவை. திரையில் வந்தவர்கள் பெரும்பாலும் மேடை நகைச்சுவைக் கலைஞர்கள், பாடகர்கள், இசைக் கலைஞர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மேடைக் கலைஞர் எட்டி கேன்டர், கறுப்பின இசைக் கலைஞர்கள் நோபிள் சிஸ்ஸில், யூபி பிளேக் போன்றோரும் ஃபோனோஃபிலிமில் பதிவானார்கள். அன்றைய கறுப்பின மேடை இசையின் உயிர்த்துடிப்பு இன்றும் நம் காதில் விழுகிறது என்றால் அதில் இந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. இந்த ஒன்றுக்காகவே டி ஃபாரஸ்டுக்கு நான் நன்றி சொல்வேன்.

மிகப் பெரிய பலம் ஒத்திசைவு. ஒலியைக் கிராமபோன் தட்டில் தனியே பதியும் தட்டு முறையில் ஊசி ஒரு வரி தாண்டிவிட்டாலோ, படச்சுருள் அறுந்து ஒட்டும்போது சில சட்டங்கள் (சுருளில் உள்ள தனித்தனிப் படங்கள்) போய்விட்டாலோ, குரல் ஓர் ஆளுக்கும் உதடு வேறோர் ஆளுக்குமாகப் பிரிந்துவிடும். ஃபோனோஃபிலிமில் இரண்டும் ஒரே சுருளில் ஓடியதால் அது நடக்காது. ஏற்கெனவே இருக்கும் புரொஜெக்டரிலேயே ஒலிக்கருவியைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. இவை இரண்டும் சிறிய செய்திகள் அல்ல.

பலவீனமும் வெளிப்படையாகவே தெரிந்தது. பெரிய அரங்கத்தை நிரப்ப அன்றைய ஒலிபெருக்கிகள் போதவில்லை, குரல் மெலிந்தே ஒலித்தது. கேமராவும் நகரவில்லை. கலைஞர் வந்து நிற்பார், பாடுவார், போவார். மௌனப்படத்தின் காட்சி நயத்துக்குப் பழகிய கண்களுக்கு இது மேடையைத் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல் இருந்திருக்கும். புதுமை என்று வந்து பார்த்தவர்கள் மறுமுறை வருவதற்கான காரணம் எதையும் படங்கள் தரவில்லை.

1924 ஆகஸ்ட் 11 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் ஃபோனோஃபிலிம் கேமரா முன் நின்று அரசுச் செலவையும் வரியையும் பற்றிப் பேசினார். ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் உருவமும் குரலும் ஒரே படச்சுருளில் சேர்ந்து பதிவானது அன்றுதான். தேர்தல் ஆண்டு என்பதால் எதிர்த்து நின்றவர்களும் பதிவானார்கள். செய்திப்படத்தின் எதிர்காலம் அந்தப் புல்வெளியில் தெரிந்தது. டி ஃபாரஸ்ட் அதைத் தொடர்ந்து பற்றிக்கொள்ளவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: ஒலிப்பதிவின் இதயமான விளக்கையும் கலத்தையும் வெளியாளிடமிருந்து உரிமத்தின் பேரில் பெறுவது. அவசரம் புரிகிறது. தாமே செய்ய முயன்று தோற்ற பொருள் ஒன்று ஆயத்தமாக இருக்கும்போது யாரும் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் கேஸை நிறுவனத்துக்குள் முழுப் பங்காளியாகக் கட்டிப்போடவில்லை. உறவு கசந்தால் மாற்று என்ன என்ற கேள்விக்கு விடையில்லாமலே படங்கள் எடுக்கப்பட்டன.

இரண்டாவது முடிவை முடிவு என்று சொல்வதைவிடப் பழக்கம் என்றே சொல்லலாம். ஃபோனோஃபிலிம் முழுவதும் தம் கண்டுபிடிப்பே என்று டி ஃபாரஸ்ட் உலகுக்குச் சொன்னார். ஆபர்னின் உழைப்பு வெளியே தெரியவில்லை. அதைக் கேஸ் காயமாகவே எடுத்துக்கொண்டார். டி ஃபாரஸ்ட் ஏன் அப்படிச் செய்தார் என்பதை நான் பொல்லாத எண்ணமாகப் பார்க்கவில்லை. ஆடியான் விஷயத்தில் தம் பெயரைத் தொலைபேசி நிறுவனமும் போட்டியாளர்களும் மறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. வெளிவரும் மின்குறியை மீண்டும் உள்ளே ஊட்டிப் பெருக்கும் மறுஊட்டச் சுற்றைக் கண்டுபிடித்தவர் யார் என்று வானொலிப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்குடன் அவர் நடத்திய வழக்கு 1934-இல் உச்ச நீதிமன்றத்தில் முடியும்வரை ஓயவில்லை. தம்மிடமிருந்து பறிக்கப்படும் என்று அஞ்சிய பெருமையைத் தாமே இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். மனித இயல்புதான். விலை மட்டும் பெரியது.

மூன்றாவது, குறும்படங்களோடு நின்றது. பணம் குறைவு, பெரிய நட்சத்திரங்கள் ஸ்டூடியோக்களின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள் என்பதால் இதில் அவருக்கு வேறு வழி அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. பேசும் படத்தில் ஸ்டூடியோக்களும் அப்போது அக்கறை காட்டவில்லை. அவர்களுடைய மௌனப்படங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. எனவே இதைப் பிழை என்று நான் கணக்கில் வைக்கவில்லை.

1925 செப்டம்பர்

அந்த மாதம் கேஸ் உறவை முறித்துக்கொண்டார். கேட்பதற்கு இரு கூட்டாளிகளின் சாதாரணப் பிரிவுபோல் இருக்கும். உண்மையில் அன்று வெளியேறியது விளக்கும் கலமும் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும். ஃபோனோஃபிலிமில் எஞ்சியது பெருக்கி. அந்தப் பெருக்கியையோ டி ஃபாரஸ்ட் முன்பே ஏ.டி.&டி.க்கு விற்றிருந்தார், அவர்களுடைய துணை நிறுவனம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் அதை அவரைவிடச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது.

மூன்று பூட்டுகளின் சாவிகளும் வெவ்வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. பணமும் ஸ்டூடியோ ஆதரவும் இல்லாததைவிட இதுவே நிறுவனத்தை வீழ்த்தியது என்பது என் முடிவு. கையில் அசல் சொத்து இருந்திருந்தால் பணம் பின்னால் வந்திருக்கும். அடுத்த ஆண்டே கேஸுக்கு வந்தது.

பின்விளைவுகள்

பிரிந்த பிறகு ஆபர்னில் கேஸும் ஸ்போனபிளும் தங்கள் முறையை மேலும் செப்பனிட்டார்கள். 1926 ஜூலை 23 அன்று ஸ்டூடியோ அதிபர் வில்லியம் ஃபாக்ஸ் அவர்களுடைய காப்புரிமைகளை வாங்கினார். ஃபாக்ஸ்-கேஸ் நிறுவனம் பிறந்தது. அதன் வணிகப் பெயர் மூவிடோன். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் பெருக்கிகளுக்கும் ஃபாக்ஸ் உரிமம் பெற்றார். டி ஃபாரஸ்டிடமிருந்து சிதறிய சாவிகள் அனைத்தும் அங்கே ஒரே வளையத்தில் கோக்கப்பட்டன.

1926 ஆகஸ்ட் 6 அன்று வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் தட்டு முறையான வைட்டாஃபோனில் முதல் நிகழ்ச்சியைத் திரையிட்டது. அடுத்த மாதம் ஃபோனோஃபிலிம் திவால். 1927 மே 20 காலையில் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது விமானத்தின் இரைச்சலை மூவிடோன் கேமரா பதிவு செய்தது. அன்று இரவே நியூயார்க்கின் ராக்ஸி அரங்கில் மக்கள் அதைக் கேட்டார்கள். ஒளியால் அந்த ஒலியை எழுதியது ஆபர்னில் பிறந்த அதே ஏ.இ.ஓ. விளக்கு. வெள்ளை மாளிகைப் புல்வெளியில் தொடங்கி விடப்பட்டதை மூவிடோன் தொடர்ந்து பிடித்துக்கொண்டது.

மூவிடோன் பின்பற்றிய நொடிக்கு 24 சட்டம் என்ற வேகம் உலக வழக்கானது. படத்துக்கும் அதற்குரிய ஒலிக்கும் இடையே சுமார் 20 சட்ட இடைவெளி வைத்து, ஒலிக்கருவியை, படத்தினூடே ஒளி பாயும் படவாயிலுக்குக் கீழே பொருத்தும் அமைப்பும் நிலைத்தது. வேறு வேகத்தில், வேறு அமைப்பில் எடுக்கப்பட்ட ஃபோனோஃபிலிம் சுருள்கள் புதிய இயந்திரங்களில் ஓடத் தகுதியற்றவையாயின. திவால் பறிக்காததை இந்த அளவுமுறை பறித்தது.

கேஸ் உள்ளிட்ட முன்னாள் கூட்டாளிகள்மீது வழக்குகள் நடத்தி டி ஃபாரஸ்ட் களைத்தார். ஃபோனோஃபிலிமை விலைக்கு வாங்க முயன்று முடியாமல் போன ஒரு தயாரிப்பாளர், அங்கிருந்த நுட்பர் ஒருவரை வேலைக்கு வைத்து, அதைப்போன்ற முறை ஒன்றைத் தம் பெயரில் கொண்டுவந்தார். 1928-இல் மிக்கி மவுஸ் முதன்முதலாக விசிலடித்துக்கொண்டு திரைக்கு வந்தபோது அந்த முறைதான் பயன்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் போகும் வசதி அப்போது டி ஃபாரஸ்டிடம் இல்லை. ஒலி சேர்ந்த கேலிச்சித்திரங்களை மேக்ஸ் ஃபிளைஷருடன் சேர்ந்து அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தாம் வெளியிட்டிருந்தார் என்பது அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

1960-இல் அகாடமி அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் வழங்கியது. திரைப்படத்துக்கு ஒலியைக் கொண்டுவந்த முன்னோடிக் கண்டுபிடிப்புகளுக்காக என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. கேஸ் 1944-இலேயே இறந்துவிட்டிருந்தார். டி ஃபாரஸ்ட் 1961 ஜூன் 30 அன்று ஹாலிவுட்டில் காலமானபோது வங்கிக் கணக்கில் இருந்தது 1,250 டாலர்.

மாற்றியிருக்க வேண்டியவை

ஒலிபெருக்கியின் தரம், அரங்கங்களின் தயக்கம், ஸ்டூடியோக்களின் அலட்சியம் ஆகியவை 1923-இல் யாருடைய கையிலும் இல்லை. அவற்றை விட்டுவிட்டு, டி ஃபாரஸ்டால் உண்மையிலேயே செய்திருக்க முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

1922-இல் ஏ.இ.ஓ. விளக்கு தம் ஃபோட்டியானை வென்றதும் உரிமத்தோடு நிற்காமல் ஆபர்ன் ஆய்வகத்தை நிறுவனத்தின் பாதிப் பங்காளியாக்கியிருக்க வேண்டும். பங்கு பாதியானாலும் காப்புரிமைகள் ஒரே கூரைக்குள் இருந்திருக்கும். 1926-இல் ஃபாக்ஸ் பணப்பையோடு வந்தபோது அவர் தட்டியிருக்கக்கூடிய கதவு அதுவாகவே இருந்திருக்கும்.

1924 ஆகஸ்டுக்குப் பிறகு மேடைக் கலைஞர்களைக் குறைத்து, மேடையில் காண முடியாதவற்றைத் தேடிப் போயிருக்க வேண்டும்: தேர்தல் கூட்டம், துறைமுகம், ஓடும் ரயில். அதற்குப் பெரிய நட்சத்திரமோ ஸ்டூடியோவோ தேவைப்படவில்லை. கேமரா ஏற்கெனவே வெளியே போய் வந்திருந்தது.

ரிவோலியில் ஓடிய ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் ஓர் அட்டை வந்திருக்க வேண்டும். திரையில் சில நொடிகள் போதும். அதில் ஆடியான் லீ டி ஃபாரஸ்டுடையது, விளக்கும் கலமும் ஆபர்னில் தியோடர் கேஸும் எர்ல் ஸ்போனபிளும் செய்தவை என்று எழுதியிருக்க வேண்டும்.